பயன் தெரியாத இரும்பு

"இது என்னதுங்க?"

"அதச் சொல்றதுக்குத்தானுங்களே உங்கள இங்க உக்கார வெச்சிருக்காங்க?" என்றாள் தாரணி.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டிய ஆள். சட்டையில் மிதுன் என்று பெயர்ப்பட்டை. காலையிலிருந்து சிரிக்க ஒன்றும் கிடைக்காதவர் போல முழுசாகச் சிரித்து முடித்துவிட்டு, இரும்பைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

குறுக்கே ஒரு முழத்துக்கு உருண்டையான இரும்புக் கம்பி. அதன் நடுவிலிருந்து கீழே இறங்கும் தடித்த தண்டு. தண்டின் அடியில் மரை. தண்டைச் சுற்றி ஒரு பித்தளைக் குழாய், பெரிய விரலில் போட்ட மோதிரம் போலத் தளர்வாக. குறுக்குக் கம்பியைச் சுழற்றினால் தண்டு சுழலும். குழாயைப் பிடித்துக்கொண்டால் அது மட்டும் அசையாமல் நிற்கும். குழாயின் ஒரு பக்கத்தில் ஒரு பள்ளம். கட்டைவிரல் உட்காருகிற மாதிரிப் பள்ளம்.

"மரை இருக்குது. அப்ப இதுக்கு அடியில இன்னும் என்னமோ மாட்டியிருக்கோணும். பாதி சாமான்தான் கொண்டாந்திருக்கீங்க."

"எங்கிட்ட இருக்கறதே அந்தப் பாதிதானுங்க."

மிதுன் மேசை மேலிருந்த பெயர்க்கண்ணை இரும்பின் பக்கம் திருப்பினார். உலகத்தில் உள்ள எந்தப் பொருளைக் காட்டினாலும் பெயர் சொல்கிற கண் அது. எல்லார் வீட்டிலும் ஒன்று இருந்தது. அது வந்தபிறகு குழந்தைகள் பெரியவர்களிடம் 'இது என்ன?' என்று கேட்பதே நின்றுபோயிருந்தது. பெயர்க்கண் இந்த இரும்பை முதலில் குழாய்ச் சாவி என்றது. பிறகு குழந்தைகள் மூன்றுசக்கர வண்டியின் கைப்பிடி என்றது. பிறகு மன்னிப்புக் கேட்டது.

"எங்க ஊட்லயும் இதையேதாங்க சொல்லுச்சு. அதனாலதான் கணக்கெடுக்க வந்த பொண்ணு சிவப்பு ஒட்டி ஒட்டிட்டுப் போயிருச்சு."

"சட்டம் உங்களுக்குத் தெரியும்ல? பயன் தெரிஞ்ச இரும்பு ஊட்டுக்காரங்களுக்கு. பயன் தெரியாத இரும்பு உலைக்கு. மலையில தோண்டறதுக்கு இனி ஒண்ணும் மிச்சமில்ல. ஆசுபத்திரிக்கும் ரயிலுக்கும் வேற எங்கிருந்து எடுக்கறது?"

"தெரியுமுங்க. நான் ஒண்ணும் சட்டத்தத் திட்ட வரல. இத மட்டும் உட்ருங்கன்னு கேக்க வந்தேன்."

"யாருதுங்க இது?"

"என்ற ஊட்டுக்காரரோடது. பூபதின்னு பேரு. அவரு போனதுக்கு அப்புறம் பரண்ல இருந்து எறக்கி வெச்சேன்." தாரணி இடது கையை நீட்டிக் குழாயைப் பிடித்தாள். கட்டைவிரல் தானாகப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. "இங்க பாருங்க. அவரு கட்டைவெரல். புடிச்சுப் புடிச்சுப் பித்தளையே தேஞ்சிருக்குது. அவரு போட்டோவுல எப்பவும் மூஞ்சிய உர்ருன்னு வெச்சிருப்பாரு. இதுதானுங்க அவரு மாதிரியே இருக்குது."

உண்மையில் அவளுக்கு அதைவிட அதிகமாகச் சொல்ல இருந்தது. சாயங்காலம் டிவி பார்க்கும்போது மடியில் அதுதான். மகன் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டுப் பேசும்போது ஒரு கையில் அதுதான். வலது கையில் பிடித்தால் விரல் சரியாக உட்காராது, இடதில்தான் உட்காரும். வலது கை வேலையில் இருக்கும், இடது கையில் இதைப் பிடித்திருப்பார் என்று அவளாகவே ஒரு பூபதியைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். என்ன வேலை என்பதுதான் தெரியாது.

"உயிரோட இருக்கறப்ப கேட்டதில்லீங்களா?"

"ஒருக்கா கேட்டேன். 'அது பேச்சுக் கேக்கற கம்பி. பூமிக்குள்ள யாரு என்ன பேசறாங்கன்னு கேக்கும்'னாரு. அந்த மனுசன் சோறு வேணுமான்னு கேட்டாக்கூட நேரா பதில் சொல்ல மாட்டாருங்க."

மிதுன் எழுந்து பின்னால் இருந்த கண்ணாடி அறையைக் காட்டினார். உள்ளே கைப்பெட்டி அளவில் ஒரு எந்திரம், பக்கத்தில் கறுப்புக் கையுறை ஒன்று.

"தேய்மானின்னு பேரு. ஒரு சாமான்ல இருக்கற தேய்மானத்த வெச்சு, அதத் தொட்ட கை எப்படி அசைஞ்சுதுன்னு கண்டுபுடிக்கும். அந்தக் கையுறைய மாட்டிக்கிட்டா உங்க கைய அதே மாதிரி அசைச்சுக் காட்டும். அசைவு தெரிஞ்சா வேலை தெரிஞ்சிரும். வேலை தெரிஞ்சா பயன் எழுதிக் குடுத்துருவேன்."

தாரணி எந்திரத்தை எட்டிப் பார்த்தாள். "அவரு கை மாதிரியேவா?"

"அவரு கையேதான்னு வெச்சுக்குங்க. ஆனா அதுல ஒரு கெரகம் இருக்குது. எந்திரம் படிக்கப் படிக்க அந்தத் தேய்மானம் அடுக்கடுக்கா உதிர்ந்துரும். கடைசியாத் தொட்டவங்க மேல இருப்பாங்க, பழைய ஆளுங்க அடியில. முழுசாப் படிச்சு முடிச்சா இந்தப் பள்ளம் இருக்காதுங்க. நேத்துக் கடையில வாங்குன குழாய் மாதிரி வழவழன்னு ஆயிரும்."

தாரணி இரும்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க."

"நானும் யாரையும் கட்டாயப்படுத்தறதில்லீங்க. போன வாரம் ஒருத்தர் அவங்கம்மாவோட தோசைக் கரண்டியக் கொண்டாந்தாரு. அதுக்குப் பேரும் இருக்குது, பயனும் இருக்குது, இங்க வரவே வேண்டியதில்ல. அம்மா கைய ஒருக்கா மாட்டிப் பாக்கோணும்னாரு. மாட்டுனாரு. கை தோசையத் திருப்புது, நிக்குது. காம்ப இறுக்கிப் புடிக்குது. மறுபடி திருப்புது, மறுபடி இறுக்குது. பின்னாடி நின்னுட்டு யாரோ திட்டிட்டே இருந்த மாதிரி. அவங்கப்பாவ ஊரே நல்லவருன்னு சொல்லும் போல இருக்குது. நிறுத்துங்கன்னாரு. அதுக்குள்ள அந்த அடுக்குப் போயிருச்சு. தேய்மானி பொய் சொல்லாது, அதுதான் அதுகிட்ட இருக்கற கெட்ட பழக்கம்."

"வேற வழியே இல்லீங்களா?"

"ஆள் சாட்சி இருக்குது. இந்தச் சாமானத் தெரிஞ்ச ரெண்டு பேரு, தனித்தனியா, ஒரே பயனச் சொன்னாப் போதும். படிக்கவே வேண்டாம். ஒரு சாட்சி நீங்க. கணக்கெடுத்த பொண்ணு அனுப்புன படத்தப் பாத்துட்டு இன்னொரு சாட்சிக்கு நேத்தே சொல்லி அனுப்பிட்டேன். இதே மாதிரி ஒரு சாமானத் தேடறதா எங்ககிட்ட படம் வரைஞ்சு பதிஞ்சு வெச்சிருக்காங்க ஒரு அம்மா. உடுமலைப் பக்கம். கோகிலவாணின்னு பேரு."

தாரணியின் முகம் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்ட ஆமை போல ஆகிவிட்டது.

"அவ வந்தா நான் போறேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"அவரு தங்கச்சி."

கோகிலவாணி என்ற வாணியோடு அவள் பேச்சு விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அந்த வீட்டில் 'அம்மிணி, அம்மிணி' என்பது அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பூபதி போனில் தங்கையிடம் பேசும்போதெல்லாம் 'அம்மிணி இல்லாம வேலை ஆகாது', 'அம்மிணியக் கூட்டிட்டுப் போயிரலாம்' என்பார். கொங்கு நாட்டில் செல்லமான பெண்ணுக்கெல்லாம் அம்மிணி என்றுதான் பெயர். தங்கைமேல் உயிரை வைத்திருக்கிறார், இருக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டாள். ஆனால் அவர் கடைசியாக ஆசுபத்திரியில் கிடந்தபோது இவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன வார்த்தையும் அதுதான். 'அம்மிணிய உட்றாத.' இவளுக்கென்று ஒரு வார்த்தை இல்லை. கூடவே வாழ்ந்தவளுக்கு ஒரு அரை வார்த்தைகூட இல்லை.

அப்புறம் கருமாதி அன்று வாணி அழுத கண்ணோடு வந்து நின்று, 'அம்மிணி இனி இங்கதானுங்க இருக்கோணும்?' என்று கேட்டாள். தன்னைத் தானே அம்மிணி என்று சொல்லிக்கொண்டு, வீட்டிலேயே உட்கார்ந்துகொள்ளப் பார்க்கிறாள்! தாரணிக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. 'அம்மிணிக்கு இங்க எடமில்ல' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாணி அன்று சாப்பிடாமல் பஸ் ஏறினாள். அதோடு சரி.

"போகாதீங்க. அவங்க வந்துட்டாங்க, அடுத்த ரூம்ல இருக்காங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காமத்தான் சாட்சி சொல்லோணும், அதுதான் விதி. உங்களுக்குச் சௌரியம்தான?" என்றார் மிதுன்.

எழுந்து நின்ற தாரணி கையிலிருந்த இரும்பைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

அவளிடம் இரண்டே கேள்விகள். பொருளின் பெயர் என்ன? தெரியாது. பயன் என்ன? கேட்பதற்கு. மிதுன் அடுத்த அறைக்குப் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். பின்னாலேயே வாணியும் வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நடையில் மட்டும் அதே வேகம். வந்த வேகத்தில் மேசையில் இடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை தாரணிமேல் விழவில்லை. இரும்பின்மேல் விழுந்தது.

"அய்யோ," என்றாள். "விக்கலியா நீங்க?"

"நான் எதுக்கு விக்கறேன்?"

"சித்தெ இருங்க, படிச்சுடறேன்," என்று மிதுன் குறுக்கே வந்தார். "பொருளோட பேரு. தாரணியம்மா, தெரியாதுன்னு சொல்லியிருக்காங்க. கோகிலவாணியம்மா சொன்னது..." அவர் நிறுத்தி இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். "அம்மிணி."

தாரணி எழுந்துவிட்டாள்.

"என்ன பேரு?" என்றாள் தாரணி.

"அம்மிணிங்க. இதுக்கு நாங்க வெச்ச பேரு," என்றாள் வாணி. "அண்ணன் லேத்துல கடைஞ்சு முடிச்சுக் கைல குடுத்தன்னிக்கு வெச்சது. பொட்டப்புள்ளையத் தூக்கற மாதிரி துணியில சுத்தித் தூக்கிட்டு வந்தாரு."

"அப்ப... அவரு போன்ல..."

"என்ன போன்ல?"

"அம்மிணி அம்மிணின்னு பேசுனதெல்லாம் உன்னைய இல்லியா?"

வாணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "என்னையவா? எங்கண்ணன் என்னைய என்னிக்குங்க அம்மிணின்னு கூப்புட்டாரு? 'ஏ கழுத'ன்னுதான் கூப்புடுவாரு. கல்யாணப் பந்தல்லயே மைக்க வெச்சுட்டு 'கழுதயக் கூப்புடுங்க, தாலி கட்ட நேரமாச்சு'ன்னாரே, நீங்களும் இருந்தீங்கல்ல?"

இருந்தாள். தாரணிக்கு அந்தப் பந்தல், அந்த மைக், சம்பந்தி வீட்டார் முகம் சுருங்கியது எல்லாம் ஞாபகம் வந்தது.

"கருமாதியன்னிக்கு நீ கேட்டது..."

"இதத்தானுங்க கேட்டேன். அம்மிணி இங்கதான இருக்கோணும், யாரு பாத்துக்குவாங்கன்னு. நீங்க எடமில்லன்னு சொன்னதும், பழைய இரும்புக்குப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். பஸ்ஸுல உடுமலை வரைக்கும் அழுதுட்டே போனேன். அப்பறம் மனசு கேக்காமத்தான் இங்க படம் வரைஞ்சு பதிஞ்சு வெச்சது. உலைக்கு வர்ற இரும்புல எங்கியாச்சும் கெடச்சுறாதான்னு."

தாரணி இரும்பைக் குனிந்து பார்த்தாள். இத்தனை வருஷமாக ஒரு இரும்புத் துண்டின்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு, அதையே மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்திருக்கிறாள்.

"ஏனுங்க, நீங்க பேசறதக் கேட்டுட்டே இருக்கலாம் போல இருக்குது. ஆனா ரெண்டாவது கேள்வி ஒண்ணு இருக்குதே," என்றார் மிதுன். அவர் குரலில் சிரிப்பு போயிருந்தது. "பயன். தாரணியம்மா: கேட்பதற்கு. கோகிலவாணியம்மா: தூக்குவதற்கு. ஒத்து வரலீங்க."

"நானும் கேக்கறதுக்குன்னே சொல்லிடறனுங்க," என்றாள் வாணி உடனே.

"இது ஊர்ப் பஞ்சாயத்து இல்லீங்க. சொன்னது பதிஞ்சிருச்சு. சாட்சி ஒத்து வரலைன்னா ரெண்டே வழிதான். தேய்மானி, இல்லைன்னா உலை. லாரி பொழுதோட கெளம்பும். வெளிய பெஞ்சில உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க."

பெஞ்சில் இருவருக்கும் நடுவில் அம்மிணி படுத்திருந்தது. வாணி அதைத் தொடவில்லை. தொட்டால் கேட்டதாக ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"எதத் தூக்கறதுக்கு?" என்று தாரணிதான் ஆரம்பித்தாள்.

"மோட்டாருங்க. போர்வெல்ல விழுந்த மோட்டாரு. நீங்க வந்தப்ப அந்த வேலையே முடியற காலம், ஊட்டுல அவரு சொல்லியிருக்க மாட்டாரு. அப்பறம் போரெல்லாம் மூடோணும்னு சட்டம் வந்துருச்சு, அண்ணனும் பேட்டரி ஸ்டேசனுக்கு வேலைக்குப் போயிட்டாரு. அதுக்கு முன்னாடி ஊருக்கு ஊரு போருங்க. ஆயிரம் அடி, ஆயிரத்து ஐநூறு அடி. ஒரு கை அகலம்தான் ஓட்டை. பைப்பு அத்துக்கிட்டு மோட்டார் உள்ள போயிருச்சுன்னா கண்ணுக்குத் தெரியாது, கைக்கு எட்டாது. ஒவ்வொரு போர்லயும் ஒவ்வொரு மாதிரி சிக்கியிருக்கும். அதுக்குத் தக்கன அண்ணன் ஒரு கொக்கி செய்வாரு. கோழிக்கால் மாதிரி ஒண்ணு, நண்டுக் கொடுக்கு மாதிரி ஒண்ணு. வேலை முடிஞ்சா அது வளைஞ்சு போயிரும், தூக்கிப் போட்டுடுவோம். மேல புடிச்சுச் சுத்தற இந்தத் தல மட்டும் எப்பவும் இதுதான்."

"அதனாலதான் பாதியா இருக்குதா?"

"ஆமாங். கொக்கியப் பைப்பு பைப்பா மாட்டி உள்ள உட்டு, மேல அம்மிணிய மாட்டிச் சுத்தோணும். மெதுவா. அடியில கொக்கி மோட்டாரத் தேடும். எட்டுச்சுன்னா, 'புடிச்சிருச்சு!'ன்னு ஒரு சத்தம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தோட்டத்துக்காரங்க மூச்சப் புடிச்சுட்டு நிப்பாங்க. அதக் கேட்டதும் பொம்பளைங்க கொலவ போடுவாங்க. கறவ மாட்டுக்கும் தென்னைக்கும் அன்னிக்குத்தான் உசுரு வரும்."

தாரணி கேட்டுக்கொண்டே இருந்தாள். தன் வீட்டில் உர்ரென்று பேட்டரி நிலையத்துக்குப் போய் உர்ரென்று திரும்பி வந்த மனுஷனை, கூட்டம் கூடி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த ஒரு காலம் இருந்திருக்கிறது.

"காரமடைகிட்ட ஒரு தோட்டம்," என்றாள் வாணி. முகம் மலர்ந்துவிட்டது. "மறுநா அந்த ஊட்டுல கல்யாணம். அன்னிக்குன்னு பாத்து மோட்டார் விழுந்துருச்சு. தண்ணி இல்ல. நாங்க போயி உட்டுச் சுத்தி, புடிச்சிருச்சுன்னு மேல இழுத்தா, வந்தது அவங்க மோட்டாரே இல்ல! அதுக்கும் முன்னாடி விழுந்த பழைய மோட்டாரு. தோட்டத்துப் பெரியவரு அது திருட்டுப் போயிருச்சுன்னு சொல்லி, பக்கத்துத் தோட்டத்துக்காரரோட பேச்சு வார்த்தையே இல்லாம இருந்திருக்காரு. எல்லார் முன்னாடியும் அது தொங்குது. பெரியவரு மூஞ்சியப் பாக்கோணுமே! அண்ணன் மெதுவாக் கேட்டாரு, 'ஏனுங்க, இதத் திருப்பிப் போட்டுரட்டுங்களா?'ன்னு."

தாரணிக்குச் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. அப்படியே அவர் குரல். எதிர்ப் பெஞ்சில் இருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாணியும் சிரித்தாள். இரண்டு கிழவிகளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அப்பறம் என்னாச்சு?"

"பக்கத்துத் தோட்டத்துக்காரரு கல்யாணத்துக்கு வந்தாரு. முதல் பந்தியில பெரியவரே பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டாரு."

சிரிப்பு அடங்கியபின் தாரணி சொன்னாள்: "அவரு கடைசியா ஒண்ணு சொன்னாரு வாணி. 'அம்மிணிய உட்றாத'ன்னாரு. நான் உன்னையத்தான்னு நெனச்சுட்டேன்."

வாணி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் உலைக்குப் போகிற லாரி வந்து நின்றது. அதில் ஏற்கெனவே யார் யாருடையவோ பெயர் தெரியாத இரும்புகள் குவிந்து கிடந்தன.

"படிச்சர்லாமுங்க நங்கையா," என்றாள். அண்ணன் மனைவியை அந்த முறை சொல்லி அவள் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. "பள்ளம் போனாப் போகுது. அம்மிணியாச்சும் மிஞ்சும்."

"பள்ளத்துலதான் அவரு இருக்காரு."

"லாரியில ஏத்துனா?"

தாரணி இரும்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கையுறை குளிர்ச்சியாக இருந்தது. எந்தக் கை என்று மிதுன் கேட்டபோது இடது என்றாள். குழாயை எந்திரத்துக்குள் வைத்து மூடியதும் மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. தாரணி கண்ணை மூடிக்கொண்டாள். அவருடைய கை வரப்போகிறது. ஒரே ஒரு முறை. அப்புறம் இல்லை.

அவள் விரல்கள் தாமாக மடங்கின. கட்டைவிரல் இறங்கி உட்கார்ந்தது. உட்கார்ந்து, அப்படியே இருந்தது.

இருந்துகொண்டே இருந்தது.

"என்னங்க இது, அசைவே காணோம்?" மிதுன் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "சுத்தறதில்ல, தட்டறதில்ல, இழுக்கறதில்ல. யாரோ வெறுமனே புடிச்சுட்டே இருக்காங்க. சித்தெ நேரம் இறுக்கி, சித்தெ நேரம் தளர்த்தி... கட்டைவெரல் மட்டும் லேசாத் தடவுது. மறுபடியும் மறுபடியும் இதேதான். இந்த அடுக்கு முழுக்க இவங்கதான்."

தாரணிக்குப் புரிந்துவிட்டது. முகம் சூடாகியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்த காரியத்தைத் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள்.

"அது நானுங்க."

"நீங்களா? என்ன வேலை பண்ணுனீங்க?"

"ஒரு வேலையும் பண்ணல. சும்மா புடிச்சுட்டு இருந்தேன்."

மிதுன் எந்திரத்தை நிறுத்தினார். நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். பிறகு சட்டத்தைத் திரையில் கொண்டுவந்து ஒருமுறை வாய்க்குள் படித்தார்.

"ஒரு பொருளை ஒரு கை திரும்பத் திரும்ப ஒரே விதமாகக் கையாண்டிருந்தால் அதுவே அப்பொருளின் பயன். இப்படித்தாங்க எழுதியிருக்காங்க. அந்த வேலையால யாருக்காச்சும் ஏதாச்சும் ஆகோணும்னு எழுதவே இல்ல." அவர் திரையில் தட்ட ஆரம்பித்தார். "பெயர், அம்மிணி. பயன், பிடித்துக்கொள்வதற்கு. இது போதும். இதுக்கு மேல படிக்கோணும்னு கட்டாயமில்ல. கீழ இன்னும் அடுக்கு இருக்குது. உங்க ஊட்டுக்காரரு அங்கதான் இருப்பாரு. போகட்டுங்களா? நீங்க சொன்னாத்தான்."

கையுறை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. இன்னொரு நிமிஷம் போதும். அவர் கை இவள் கையை உள்ளிருந்து பிடித்து நடத்திக் காட்டிவிடும்.

தாரணி கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இருக்கட்டுமுங்க. அவரு அங்கியே இருக்கட்டும்."

மிதுன் சிவப்பு ஒட்டியைப் பிய்த்துவிட்டு இரும்பை அவளிடம் நீட்டினார். "மேல் அடுக்கு மட்டும் போயிருக்குது. உங்கது."

"என்றதுதான? போனாப் போகுது. மறுபடி தேச்சுக்கலாம்."

சொல்லிக்கொண்டே இடது கையால் குழாயைப் பிடித்தாள். கட்டைவிரல் பழக்கப்பட்ட இடத்தில் போய் உட்காரப் பார்த்தது. உட்காரவில்லை. பள்ளம் சின்னதாகியிருந்தது. இவள் விரல் அகலப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் உதிர்ந்து, உள்ளே இருந்த பழைய பள்ளம் ஒடுக்கமாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து இருந்தது. பூபதியின் கை பெரிய கை. வளையல் கடையில் அந்தக் கையை வைத்து வேடிக்கை செய்திருக்கிறாள்.

"இது அவரு வெரலே இல்லியே," என்றாள்.

"எங்க, குடுங்க பாக்கலாம்," என்று வாணி வாங்கினாள். வாங்கிய கை இடது கை. சின்ன வயசிலிருந்தே அவளுக்கு எல்லாமே இடது கைதான். பீச்சாங்கைக்காரி என்று தாரணியே எத்தனையோ முறை முணுமுணுத்திருக்கிறாள். யோசிக்காமல், பார்க்காமல், சொந்த வீட்டுத் தாழ்ப்பாளைத் தொடுவது போல அந்தக் கை குழாயைச் சுற்றியது. கட்டைவிரல் பள்ளத்தில் இறங்கியது. மேலும் இல்லை, கீழும் இல்லை.

தாரணி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயா புடிச்சது?"

"பின்ன? அண்ணன் மேல கம்பியப் புடிச்சுச் சுத்துவாரு. நான் இங்க புடிச்சுட்டு நிப்பேன். ஆயிரம் அடிக்குக் கீழ கொக்கி எதுல இடிக்குது, கல்லா, பைப்பா, மோட்டாரான்னு இந்தக் கட்டைவெரலுக்குத் தெரியும். நான் சொன்னாத்தான் அவரு நிறுத்துவாரு. கேக்கறது பூராவும் நானுங்க. தூக்கறதுதான் அவரு."

கேட்பதற்கு என்று பூபதி அன்று சொன்னது தங்கையின் வேலையை. தூக்குவதற்கு என்று வாணி சாட்சி சொன்னது அண்ணனுடைய வேலையை. இரண்டு பேருமே தங்கள் வேலையைச் சொல்லவில்லை. அதனால்தான் சாட்சி ஒத்து வராமல் போயிற்று.

"அப்ப இத்தன வருசமா நான் புடிச்சுட்டு இருந்தது..." என்று தாரணி இழுத்தாள்.

வாணிக்கு இப்போதுதான் விளங்கியது. கையை எடுக்கப் போனாள்.

"எடுக்காத," என்றாள் தாரணி. "அப்படியே இரு. அவரு எங்க புடிப்பாரு?"

"இங்கீங்க. மேல. ரெண்டு கையிலயும்."

குறுக்குக் கம்பியின் இரண்டு முனைகளையும் தாரணி வாரம் தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறாள். பிடித்துப் பார்த்ததில்லை. இப்போது பிடித்தாள். கரகரவென்றிருந்த இரும்பில் இரண்டு இடங்கள் மட்டும், அவளுடைய ஒன்றரைக் கை அகலத்துக்கு, நீர் ஓடிய பாறை போல வழுவழுப்பாக இருந்தன.

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். நடுவில் அம்மிணி. கூடத்தில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். மிதுன் கையைக் காட்டி அவர்களைப் பொறுக்கச் சொன்னார்.

"சுத்துங்க நங்கையா," என்றாள் வாணி.

தாரணி சுற்றினாள். தண்டு சுழன்றது. குழாயும் வாணியின் கையும் அசையாமல் நின்றன.

"வெசயா வேண்டாம். மெதுவா."

மெதுவாகச் சுற்றினாள். வாணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, எங்கோ கீழே யாரோ பேசுவதைக் கேட்பவள் போல.

"ஏதாச்சும் தெரியுதா அம்மிணி?" என்றாள் தாரணி. இரும்பைக் கேட்டாளோ, அவளைக் கேட்டாளோ.

வாணி கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"புடிச்சிருச்சுங்க."